மசாலாப் பொருள் அசல்தானா: ஆய்வக மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் உணவுப் பொருட்களைச் சோதிக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மாதிரிகளை வாங்கி வைக்கும் மேசையில் பாதி நாள், உள்ளே சோதனை மேசையில் பாதி நாள் என்று பொழுது போகிறது. கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மூட்டைக் கணக்கில் கொள்முதல் செய்யும் வியாபாரியும், வீட்டுச் செலவுக்குக் கால் கிலோ மஞ்சள்தூள் வாங்கிவிட்டுச் சந்தேகத்தோடு வரும் குடும்பத் தலைவியும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நாங்கள் வாய்மொழியாகச் சொல்லும் பதில்களை இங்கே சற்று விரிவாக எழுதியிருக்கிறேன்.

அசலா, போலியா என்று ஒரே சோதனையில் சொல்லிவிட முடியாதா?

முடியாது. கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், கேட்ட கேள்விக்கு மட்டுமே அது பதில் சொல்லும். மஞ்சள்தூளில் அதற்கு நிறம் தரும் குர்குமின் எவ்வளவு என்று கேட்டால் அந்த அளவைச் சொல்லுமே தவிர, அதே தூளில் ஈயம் இருப்பதைத் தானாக முன்வந்து தெரிவிக்காது.

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி மஞ்சள்தூளில் குர்குமின் வகைச் சேர்மங்கள் 2 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 4 சதவீதம் உள்ள நல்ல விரலி மஞ்சளை அரைத்து, அதில் நூற்றுக்கு முப்பது பங்கு அரிசி மாவைக் கலந்தாலும் 2.8 சதவீதம் மிஞ்சுகிறது; சோதனையில் தேறிவிடும். எனவே மாதிரியைக் கொண்டுவருகிறவரிடம் நாங்கள் முதலில் கேட்பது, எதைச் சந்தேகப்படுகிறீர்கள், ஏன் சந்தேகம் வந்தது என்பதைத்தான். இருக்க வேண்டியது உரிய அளவிலும் உரிய விகிதத்திலும் இருக்கிறதா, இருக்கக் கூடாதது ஏதேனும் சேர்ந்திருக்கிறதா, உள்ளிருந்த சத்து எடுக்கப்பட்டுச் சக்கை மட்டும் விற்கப்படுகிறதா ஆகிய மூன்றும் தனித்தனிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சோதனை வேறு, கட்டணமும் வேறு.

மஞ்சள்தூளில் அமிலத்தை ஊற்றியதும் சிவந்துவிட்டது. கலப்படம் என்று உறுதியாகிவிட்டதல்லவா?

இல்லை. இந்த ஒரு சோதனையைப் பார்த்துவிட்டு மளிகைக் கடைக்காரரோடு சண்டை போட்டவர்களை நான் நேரிலேயே சந்தித்திருக்கிறேன். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். காரம் பட்டால் குர்குமின் நிறம் மாறுவதுபோல, அடர்ந்த அமிலம் பட்டாலும் அது சிவக்கும். அது மஞ்சளின் இயல்பு.

வேறுபாட்டைக் காண இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் நாங்களே கிழங்கை இடித்துத் தயாரித்த தூள், மற்றொன்றில் மெட்டானில் மஞ்சள் என்ற செயற்கைச் சாயம் கலந்த தூள். இரண்டிலும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில சொட்டுகள் விட்டால் இரண்டுமே சிவப்புச் சாயலுக்குத் திரும்பும். இப்போது இரண்டிலும் தண்ணீரை ஊற்ற வேண்டும். முதல் குழாயில் சிவப்பு கரைந்து பழைய மஞ்சள் நிறம் வந்துவிடும்; இரண்டாவதில் ரோஜா நிறம் அப்படியே நிற்கும். இணையத்தில் பரவும் காணொளிகளில் பெரும்பாலும் இந்தத் தண்ணீர் ஊற்றும் கட்டம்தான் விடுபட்டுப் போகிறது. அப்படியே நிறம் நின்றாலும் அதை முதல் அறிகுறியாகத்தான் கொள்கிறோம். சாயத்தைப் பிரித்தெடுத்து, கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபி முறையில் உண்மையான சாயத்தோடு பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிட்ட பிறகே அறிக்கையில் எழுதுவோம்.

அயோடின் விட்டால் நீலமாகிறது. மாவு கலந்திருக்கிறது என்றுதானே பொருள்?

மஞ்சள் ஒரு கிழங்கு; அதற்குள் இயற்கையாகவே மாவுச்சத்து ஏராளமாக இருக்கிறது. ஆகவே மஞ்சள்தூளுக்கு அயோடின் சோதனை பொருந்தாது. இங்கே விலை உயர்ந்த கருவியைவிடச் சாதாரண நுண்ணோக்கிதான் உதவுகிறது. வயலில் எடுத்த மஞ்சளை வேகவைத்துத்தான் காயவைக்கிறார்கள். வெந்ததால் அதன் மாவுத் துகள்கள் குழைந்து, மஞ்சள் கட்டிகளாகத் தெரியும். பின்னால் கலக்கப்பட்ட அரிசி மாவோ சோள மாவோ வேகாதது என்பதால், அதன் துகள்கள் உருக்குலையாமல், முனைவாக்கிய ஒளியில் ஒவ்வொன்றின்மீதும் சிலுவைக் குறி போட்டதுபோல மின்னும்.

மாவு கலந்து குறைந்துபோன குர்குமினைச் செயற்கைக் குர்குமினால் ஈடுகட்டும் வேலையும் நடக்கிறது. அசல் மஞ்சளில் குர்குமின் தனியாக இருப்பதில்லை. அதன் நெருங்கிய உறவுகளான இரு சேர்மங்கள் கூடவே இருக்கும், மூன்றும் ஏறத்தாழ நிலையான விகிதத்தில் வரும். சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியின் வரைபடத்தில் மூன்று சிகரங்களுக்குப் பதிலாக ஒன்று மட்டும் ஓங்கி நின்று மற்ற இரண்டும் தரையோடு கிடந்தால், எங்கிருந்தோ வந்து சேர்ந்தது அந்தக் குர்குமின் என்று புரிந்துகொள்ளலாம். பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து செய்யப்பட்டதா என்பதைக் கார்பன்-14 சோதனையும் காட்டிக்கொடுக்கும். கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகும். சென்ற பருவத்தில் விளைந்த மஞ்சளில் அது இருக்கும், பல கோடி ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த எண்ணெயில் அது மிச்சமிருக்காது.

மஞ்சளில் ஈயம் இருப்பதாகச் செய்திகள் வருகின்றன. ஈயம் மண்ணிலிருந்து வந்ததா, யாராவது கலந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இதற்குக் கணக்கே விடை சொல்லிவிடுகிறது. மங்கிய மஞ்சளைப் பளிச்சென்று காட்டுவதற்காக லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைப் பூசுவது உண்டு. அது ஈயமும் குரோமியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. ஓர் ஈய அணுவுக்கு ஒரு குரோமிய அணு. ஈயத்தின் அணு எடை 207, குரோமியத்தின் அணு எடை 52 என்பதால், எடைக் கணக்கில் ஈயம் குரோமியத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இருக்கும். உலோகங்களை மிக நுட்பமாக அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் இரண்டையும் அளக்கிறோம். ஈயம் 80 பிபிஎம் (அதாவது ஒரு கிலோவில் 80 மில்லிகிராம்), குரோமியம் 20 பிபிஎம் என்கிற மாதிரி ஒரு முடிவு வந்தால் அது மண்ணின் வேலை அல்ல என்று சொல்லத் தயக்கம் தேவையில்லை. ஈயம் மட்டும் சற்றுக் கூடுதலாக இருந்து, குரோமியம் அந்த விகிதத்தில் இல்லையென்றால், மண், சாலைப் புழுதி, அரைக்கும் இயந்திரம் போன்ற வேறு வழிகளைத் தேட வேண்டும்.

மஞ்சளில் ஈயத்துக்கு நம் நாட்டு விதிகள் அனுமதிக்கும் உச்ச அளவு 10 பிபிஎம். லெட் குரோமேட்டின் எடையில் 64 சதவீதம் ஈயம். ஒரு கிலோ மஞ்சளில் ஒரு கிராம் நிறமி கலந்தாலே 640 பிபிஎம் ஈயம் சேர்ந்துவிடுகிறது. ஒரு சிட்டிகை போதும் என்பதால்தான் நாக்கிலும் கண்ணிலும் இது சிக்குவதில்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு என்பதால் இதை மாவுக் கலப்படத்தோடு ஒரே தட்டில் வைத்துப் பேசக் கூடாது என்பது என் கருத்து.

வங்கதேசத்தில் இது பெருமளவில் நடந்ததை ஆய்வாளர்கள் 2019-இல் வெளிப்படுத்தினார்கள். டாக்காவின் மொத்தச் சந்தையிலேயே கையடக்க எக்ஸ்ரே கருவியை வைத்துச் சோதித்து, அபராதம் விதித்து, வியாபாரிகளிடம் விளக்கிச் சொன்ன பிறகு, ஈயம் தென்பட்ட சந்தை மாதிரிகள் 47 சதவீதத்திலிருந்து 2021-இல் பூஜ்யமாகக் குறைந்தன. 2023-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழில் ஈயம் கண்டறியப்பட்டபோதும், அதில் சேர்த்த இலவங்கப் பட்டைத்தூளில் ஈயத்தோடு குரோமியமும் இருந்ததே லெட் குரோமேட்டைச் சுட்டிக்காட்டியது.

மிளகாய்த்தூளைத் தண்ணீரில் தூவிப் பார்த்தேன், சாயம் இறங்கவில்லை. நிம்மதியாக இருக்கலாமா?

தண்ணீரில் கரையும் சாயம் இல்லை என்ற அளவுக்கு நிம்மதி அடையலாம். மிளகாயின் இயற்கைச் சிவப்பு எண்ணெயில் கரைவது. தாளிக்கும்போது எண்ணெய் சிவப்பதும் தண்ணீர் அவ்வளவாகச் சிவக்காததும் அதனால்தான். தண்ணீரில் கோடு கோடாகச் சிவப்பு இறங்கினால் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் சூடான் சாயங்கள் என்ற தொழிற்சாலைச் சாயங்களும் எண்ணெயில்தான் கரையும். வீட்டுச் சோதனையில் அவை மிளகாயைப் போலவே நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

மெழுகு, எண்ணெய், பாலிஷ் ஆகியவற்றுக்கு நிறமூட்ட உருவாக்கப்பட்ட சூடான் சாயங்களை எந்த உணவிலும் எந்த அளவிலும் சேர்க்க அனுமதி இல்லை. 2005 பிப்ரவரியில், சூடான் 1 கலந்த மிளகாய்த்தூள் ஒரு சாஸில் சேர்ந்து, அந்த சாஸ் வேறு பல உணவுகளில் சேர்ந்து, பிரிட்டனில் நூற்றுக்கணக்கான பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது.  சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணும் எல்சி-எம்எஸ் முறையில் ஒரு பிபிஎம்முக்கும் குறைவான அளவைக்கூடப் பிடித்துவிடலாம். அவ்வளவு நுண்ணிய அளவு தென்படும்போது ஒரு கேள்வி எழுகிறது: அந்த அளவால் தூளுக்கு நிறம் ஏறாது, நிறமேற்றக் கலப்பவர் அதைவிடப் பலமடங்கு போட வேண்டும். எனவே அது சாக்கிலிருந்தோ இயந்திரத்திலிருந்தோ ஒட்டியதாக இருக்கலாம். சட்டப்படி பொருள் தேறாது; ஆனால் விற்றவரை மோசடிக்காரர் என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

தூள் நல்ல சிவப்பு, ஆனால் காரமே இல்லை. போலிதானே?

பெரும்பாலும் இல்லை. நிறத்தைத் தருவது கேப்சாந்தின், காரத்தைத் தருவது கேப்சைசின்; இரண்டுக்கும் தொடர்பில்லை. பேடகி மிளகாயில் நிறம் அதிகம், காரம் குறைவு. இராமநாதபுரம் குண்டு மிளகாயோடு அதை ஒப்பிட்டுக் குறை சொல்வது பேடகிக்குச் செய்யும் அநியாயம்.

செங்கல் பொடி கலந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

மாதிரியை உலையில் எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைக்கிறோம். செடிக்குரிய தாது உப்புகள் கரைந்துவிடும். மணலும் செங்கல் தூளும் கரையாமல் அடியில் நிற்கும். மிளகாய்த்தூளில் இந்தக் கரையாச் சாம்பல் 1.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இதில் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. அம்மா மே மாத வெயிலில் மொட்டை மாடியில் காயவைத்து, தெருமுனை மில்லில் அரைத்து வந்த மிளகாய்த்தூளைப் பெருமையோடு ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். வரம்பைத் தாண்டிவிட்டது. கலப்படம் செய்ய அங்கே யாரும் இல்லை. மாடியில் அடித்த காற்றும், பக்கத்து மனையில் நடந்த கட்டட வேலையும் சேர்ந்து செய்தது. அம்மாவிடம் இன்று வரை அந்த எண்ணைச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு மேலே வெள்ளை வேட்டி போர்த்திக் காயவைக்கச் சொன்னேன்.

கிராம்பும் மிளகும் முழுதாகத்தான் வாங்குகிறேன். அதிலும் ஏமாற்ற முடியுமா?

முடியும், அங்கே நடப்பது பெரும்பாலும் சேர்ப்பது அல்ல, எடுப்பது. கிராம்பிலிருந்து எண்ணெயை வடித்தெடுத்த பிறகும் அது கிராம்பு வடிவத்திலேயே இருக்கும். அதைக் காயவைத்து நல்ல கிராம்போடு கலந்துவிடுகிறார்கள். நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியாது, தண்ணீரில் போட்டால் மிதக்கும். உறுதி செய்ய க்ளெவெஞ்சர் என்ற கண்ணாடிக் கருவியைப் பயன்படுத்துகிறோம். இடித்த கிராம்பைத் தண்ணீரோடு குடுவையில் கொதிக்கவைத்தால், ஆவியோடு எண்ணெயும் மேலே போய்க் குளிர்ந்து, அளவு குறித்த குழாயில் சொட்டுச் சொட்டாகச் சேரும். மற்ற பெரும்பாலான மசாலாக்களின் எண்ணெய் தண்ணீருக்கு மேலே மிதக்கும்போது, கிராம்பெண்ணெய் கனமானது என்பதால் கீழே இறங்கிப் பொன்னிற மணிகளாகத் தங்குவதைக் காணலாம். சில மணி நேரம் பிடிக்கும் வேலை. அன்று ஆய்வகம் முழுவதும் பல் மருத்துவமனை வாசம். நல்ல கிராம்பு 100 கிராமுக்கு 15 முதல் 20 மில்லி வரை எண்ணெய் தரும்.

மிளகில் பப்பாளி விதை கலப்பது பழைய கதை. முழு மிளகில் கண்ணுக்கே தெரிந்துவிடும். தூளாக்கினால்தான் சிக்கல், மிளகுக்குக் காரம் தரும் பைப்பரின் பப்பாளி விதையில் கிடையாது என்பதால், நல்ல மிளகுத்தூளில் 4 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டிய அது குறைந்து தெரியும். ஆனால் பைப்பரின் குறைவு பப்பாளி விதையை மட்டும் காட்டுவதில்லை; சாறு பிழிந்த சக்கையும் அதே எண்ணைத்தான் தரும். எது என்று அறிய மறுபடி நுண்ணோக்கிக்குப் போக வேண்டும்.

பிரியாணிப் பட்டையும் சுருள் பட்டையும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. தடித்து, ஒற்றைச் சுருளாக, உடைக்கக் கடினமாக இருப்பது கேசியா. தாள் தாளாகப் பல அடுக்குகளாகச் சுருண்டு, விரலால் நொறுக்கக்கூடியதாக இருப்பது இலங்கையின் அசல் இலவங்கப் பட்டை. இரண்டுக்கும் விதிகளில் தனித்தனித் தரங்கள் உள்ளன. கேசியாவைக் கேசியா என்று விற்பதில் தவறில்லை, இலவங்கப் பட்டை என்று விலை வைப்பதுதான் தவறு. தூளானபின் பிரித்தறிய கூமரின் என்ற சேர்மத்தை அளக்கிறோம். இலங்கைப் பட்டையில் அது மிகச் சொற்பம். கேசியாவில் ஒரு கிலோவுக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் வரை இருக்கும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு கூமரினுக்கு வைத்துள்ள அன்றாட வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். கிலோவுக்கு 3,000 மில்லிகிராம் உள்ள கேசியாத் தூளில் 2 கிராமிலேயே அது நிறைந்துவிடும். மாதம் இருமுறை பிரியாணி சாப்பிடுகிறவர் இதைப்பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சர்க்கரை குறையும் என்று நம்பித் தினமும் காலையில் பட்டைத்தூளை ஒரு ஸ்பூன் வெந்நீரில் கலந்து குடிப்பவர்கள்தான் என்ன பட்டை என்று கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் அளவுக்கு மிஞ்சிய கூமரின் சிலருடைய கல்லீரலைப் பாதிக்கிறது.

பெருங்காயத்தில் மைதா இருப்பதாக டப்பாவிலேயே போட்டிருக்கிறதே?

அது கூட்டுப் பெருங்காயம். அசல் பிசினை அப்படியே சமையலில் போட முடியாத அளவுக்கு வீரியம் அதிகம் என்பதால், கோந்தும் மாவும் சேர்த்துக் கட்டியாகவோ தூளாகவோ விற்பதை விதிகள் அனுமதிக்கின்றன. ஆல்கஹாலில் கரையும் பகுதி 5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வேறு மரப் பிசின்களைச் சேர்ப்பது குற்றம். கோதுமை ஒவ்வாதவர்கள் டப்பாவில் எந்த மாவு என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஈரோட்டு மஞ்சள் என்று விற்கிறார்கள். ஈரோடுதானா என்று சோதிக்க முடியுமா?

ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து இந்தக் கேள்வி வருகிறது. மரபணுச் சோதனை எந்தச் செடி என்று சொல்லும். எந்த ஊர் என்று சொல்லாது. ஊரைச் சொல்ல, அந்த மண்ணும் நீரும் செடியில் விட்டுச்செல்லும் தாதுக்கள், ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்கள்) ஆகியவற்றின் விகிதங்களை அளந்து, ஈரோட்டு வயல்களிலிருந்தே நேரடியாக எடுத்த ஏராளமான மாதிரிகளின் அளவுகளோடு ஒப்பிட வேண்டும். அத்தகைய ஒப்பீட்டுத் தொகுப்பு கையில் இல்லாமல், ஒரே ஒரு பொட்டலத்தை வைத்துச் சான்றிதழ் தருகிறேன் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். ஐசோடோப்பு முறைக்கும் எல்லை உண்டு. மக்காச்சோளம் கார்பனைச் சேர்க்கும் முறை வேறு என்பதால் சோள மாவுக் கலப்பு அதில் தெரியும். நெல்லும் மஞ்சளும் ஒரே முறையைச் சேர்ந்தவை, ஆகவே அரிசி மாவு அதில் தப்பிவிடும்.

எத்திலீன் ஆக்சைடு பற்றிய செய்தியும் கலப்படம்தானா?

2024 ஏப்ரலில் சில இந்திய மசாலாப் பொடிகள்மீது ஹாங்காங்கும் சிங்கப்பூரும் நடவடிக்கை எடுத்தது எத்திலீன் ஆக்சைடு எச்சத்துக்காக. கிருமிகளைக் கொல்லப் பயன்படும் வாயு அது. முற்றிலும் அசலான மசாலாவிலும் அந்த எச்சம் இருக்கலாம். அசல் என்பதும் பாதுகாப்பானது என்பதும் வேறு வேறு.

உங்கள் அறிக்கையை வைத்துக் கடைக்காரர்மீது வழக்குத் தொடரலாமா?

நீங்களாகப் பொட்டலத்தைப் பிரித்து எடுத்துவந்த மாதிரியின் அறிக்கை, உங்கள் மனநிறைவுக்கும் பேச்சுவார்த்தைக்கும் உதவும். வழக்கில் அதற்கு வலு குறைவு. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, பொருளை வாங்குகிறவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க வழி செய்கிறது. ஆனால் வாங்கும்போதே, இதைச் சோதனைக்குத் தரப்போகிறேன் என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் விதிகளுக்கு முரணானது என்று தெரியவந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுக்கும் மாதிரி நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிடப்படுகிறது. பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். சென்னைக்கான அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் இருக்கிறது.

அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்றால் இல்லவே இல்லை என்று பொருளா?

எங்கள் முறையால் பார்க்கக்கூடிய மிகக் குறைந்த அளவுக்குக் கீழே இருக்கிறது, அல்லது இல்லை என்று பொருள். அந்தக் குறைந்த அளவு எவ்வளவு என்பது அதே வரியில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத அறிக்கையை, எங்களுடையதாக இருந்தாலும், திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள். குறிப்பிட்ட அந்தச் சோதனைக்கு ஆய்வகம் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு சோதனைக்குப் பெற்ற அங்கீகாரம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

சாம்பார் பொடியைக் கொண்டுவந்தால் எல்லாவற்றையும் பார்த்துச் சொல்வீர்களா?

ஈயமும் செயற்கைச் சாயமும் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். அதற்குமேல் கடினம். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் வறுத்துப் போட்ட பொடியில் மாவுச்சத்து எதிலிருந்து வந்தது என்று கேட்பதில் பயனில்லை; மஞ்சள் எவ்வளவு போட்டீர்கள் என்று தெரியாமல் குர்குமின் அளவுக்கும் பொருள் கிடையாது. மில்லில் உங்களுக்கு முன்னால் அரைத்தவர் கம்பு அரைத்திருந்தால் அதுவும் கொஞ்சம் உங்கள் பொடியில் இருக்கும்.

எனவே அரைப்பதற்கு முன்பே, மூட்டையின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துக் கலந்து, ஒவ்வொரு சாமானையும் கால் கிலோ வீதம் தனித்தனிப் புதிய பிளாஸ்டிக் உறையில் கொண்டுவாருங்கள். செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவர வேண்டாம். அச்சு மையும் தூளோடு சேர்ந்து வரும். கடையின் ரசீதையும், பாக்கெட்டாக இருந்தால் பேட்ச் எண் உள்ள பக்கத்தையும் கிழித்து எறிந்துவிடாமல் கூடவே எடுத்துவாருங்கள்.